அம்மம்மாவின் அட்டியலில் இருப்பது என்ன கல்லு?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: அம்மம்மாவின் அட்டியல் இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. நடுவில் சிவப்புக்கல் வைத்த பதக்கம், சுற்றிவர வெள்ளைக்கல்லுகள். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்தர் அதை மாத்தறை வைரம் என்றாராம். கொழும்பில் ஒரு கடையில் "வெறும் கண்ணாடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இப்படி மின்னுகிற கல்லுகளை எங்கே எடுக்கிறார்கள், நகைக்கு எப்படித் தயார் செய்கிறார்கள், இதில் எது அசல் என்று கேட்கிறார். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். அம்மம்மாவை யாராவது ஏமாற்றிவிட்டார்களா?

நகையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அதற்கு ஓம், இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கல்லு எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பதில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபது வயதில் பேருவளையில் ஒரு பட்டறையில் நாலு வருடம் கல்லு வெட்டப் பழகினேன். பிறகு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கல்லுப் பதிக்கிற வேலை, இருபது வருடம் தாண்டிவிட்டது. ஆய்வுகூடப் படிப்பு இல்லை. கையும் கண்ணும், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு லென்சும்தான் என் முதல். எதை லென்சை வைத்து அடித்துச் சொல்லலாம், எதை ஆய்வுகூடம் இல்லாமல் சொல்லக்கூடாது என்பதையும் அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கதை. யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணில் இரத்தினக்கல் கிடையாது. கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், கடலடியில் படிந்து உருவானது. கிணறு வெட்டினால் நல்ல தண்ணி வரும், அல்லது சவர்த்தண்ணி வரும், நீலக்கல் வராது. இலங்கையின் கல்லுகள் பிறந்தது தீவின் நடுவே இருக்கும் பழைய மலைப்பாறைகளில், 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்பு, நிலத்தடிச் சூட்டிலும் அழுத்தத்திலும். அந்தப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உக்கி உதிர, ஆறுகள் அவற்றை இழுத்துவந்து பள்ளங்களில் சேர்த்தன. இரத்தினபுரி, பலாங்கொடை, எலஹெர, ஒக்கம்பிட்டிய என்று பெயர் கேட்டிருப்பீர்கள். வடக்குக்கென்று சொல்ல மன்னார் முத்து இருந்தது. ஆனால் முத்து சிப்பிக்குள் விளைகிற பொருள். அதற்குப் பட்டை தீட்டும் வேலை இல்லை, அதனால் இந்தப் பதிலில் அதற்கு இடமும் இல்லை.

பேருவளையில் இருந்தபோது ஒருமுறை இரத்தினபுரிப் பக்கம் ஒரு குழி பார்க்கப் போனேன். வயல் ஓரத்தில் கிணறு மாதிரி ஒரு சதுரக் குழி. நாலு பக்கமும் மரச்சட்டம். மண் சரியாமல் இருக்க, சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் பன்னத்தழையை அடைத்திருந்தார்கள். தண்ணி இறைக்கிற பம்பி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கீழே இறங்குகிறவர்கள் தேடுவது நேரே கல்லை அல்ல. "இல்லம்" என்று அங்கே சொல்லுகிற ஒரு சரளைப் படையைத்தான் தேடுகிறார்கள். சில இடங்களில் அது ஆளுயரத்திலேயே அகப்படும், சில இடங்களில் 40, 50 அடி இறங்கவேண்டும். அந்தச் சரளையை மேலே தூக்கிக் குவித்துவைத்து, பிறகு ஒருநாள் எல்லாரும் கூடி நின்று கழுவுவார்கள். பங்காளிகள் எல்லாரும் கண்முன்னால் நிற்கவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். நிலத்துக்காரர், அனுமதிப்பத்திரம் எடுத்தவர், பம்பிக்காரர், இறங்கி வெட்டியவர்கள் என்று கிடைப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு.

கழுவுவதை நீங்கள் ஒருதரம் பார்க்கவேண்டும். இடுப்பளவு தண்ணியில் நின்றுகொண்டு, அகலமான கூடையில் சரளையைப் போட்டுச் சுழற்றுவார்கள். அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குகிறதே, அதே கணக்குத்தான். சாதாரண வெள்ளைப் பருக்கைக்கல் தண்ணியைப்போல் 2.65 மடங்கு பாரம், நீலக்கல் 4 மடங்கு, சிர்கோன் என்று ஒரு கல்லு உண்டு, அதில் நல்லது 4.6 மடங்குக்கும் மேல். சுழற்றச் சுழற்ற லேசானது விளிம்பால் வழிந்து போய்விடும், பாரமானது நடுவில் கூடும். கடைசியில் கூடையைச் சூரியனுக்கு நேரே சரித்துப் பிடிக்க, வயதான ஒருவர் விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். மூன்று கிழமை வெட்டின சரளைக்கு அன்று அகப்பட்டது மிளகு அளவில் நாலைந்து சிவப்புக் கார்னட்டும், பால் நிறத்தில் ஒரு கல்லும். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

குழியில் இருந்து வருகிற கல்லு மின்னாது. வாயில் போட்டுச் சூப்பித் துப்பின கற்கண்டு மாதிரி, மங்கலாக, மூலை மழுங்கி இருக்கும். அளவும் ஒரு பொருட்டில்லை. 2021இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவில் கிணறு வெட்டும்போது 510 கிலோ நிறையில் நீலக்கல் கொத்து ஒன்று அகப்பட்டது என்று உலகமெல்லாம் செய்தி வந்தது நினைவிருக்கும். உடனே ஆளாளுக்குக் கோடிக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். கொத்து என்பது பாறை. அதில் எத்தனை கரட் பட்டை தீட்டத் தேறும் என்பது வேறு கணக்கு. ஒரு கரட் என்பது 0.2 கிராம், ஒரு கிலோவில் 5000 கரட். அந்தக் கணக்கில் கொத்து முழுவதையும் பெருக்கிப் பார்ப்பது, ஒரு லொறி செங்கல்லைப் பார்த்து எத்தனை சிலை என்று எண்ணுவது போலத்தான்.

சரி, கல்லு கிடைத்துவிட்டது. வெட்டுவதற்கு முன் அதற்கு நெருப்பு. இது பலருக்குத் தெரியாது, தெரிந்தால் கோபமும் வரும். நீலமும் மாணிக்கமும் ஒரே கனிமம், அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து கலந்தால் நீலம். சாத்திரத்தில் மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சூரியன் மகன் சனிக்கு. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே கல்லுதான் வாய்த்திருக்கிறது, நிறம்தான் வேறு. இலங்கைக் கல்லில் பெரும்பகுதி பாலூற்றின மாதிரி மங்கலாக வரும். அதைக் கெவுடா என்பார்கள். உள்ளே ஊசி ஊசியாக டைட்டேனியம் ஒட்சைட்டு கிடப்பதுதான் அந்தப் பால் நிறம். எங்கள் தொழிலில் அதற்குப் "பட்டு" என்று பெயர். ஒரு காலத்தில் கெவுடாவை ஒதுக்கிவிடுவார்கள். 1970களில் தாய்லாந்துக்காரர் அதை மலிவாக வாங்கிக்கொண்டு போய், ஒட்சிசன் குறைந்த உலையில் 1600 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டார்கள். ஊசிகள் கரைந்து டைட்டேனியம் கல்லுக்குள் கலந்து, இருக்கிற இரும்போடு சேர, பால் நிறம் போய் நீலம் வந்தது. கல்லு உருகுவது 2000 பாகைக்குச் சற்று மேலே என்பதால் பிழைத்துக்கொள்கிறது. இங்கே அதற்கு வெகு காலம் முன்பே கரிநெருப்பில் ஊதுகுழல் வைத்து ஊதிச் சிவப்புக்கல்லின் ஊதாச் சாயலைப் போக்குகிற கை வேலை இருந்தது. உலை வந்ததும் சூடு கூடிற்று, அவ்வளவுதான்.

சுட்ட கல்லு பொய்க்கல் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்லுவேன். வெளியில் இருந்து ஒன்றும் சேர்க்கவில்லை, உள்ளே இருந்ததைத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு விற்கிற நீலக்கல்லில் பெரும்பாலானவை சுட்டவைதான். சுடாததற்கு விலை கூட, ஏனென்றால் அது அரிது. அதே ஊசிகளைச் சுடாமல் விட்டு, கல்லைப் பட்டையில்லாமல் உருண்டையாக மழித்தால், மேலே ஆறு கால் நட்சத்திரம் விழும். ஒரே குறை ஒரு கல்லில் போக்கவேண்டியது, இன்னொன்றில் காக்கவேண்டியது. ஆனால் ஒரு கல்லு சுட்டதா சுடாததா என்று கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொன்னால் அது ஊகம். லென்சில் ஊசிகள் முறியாமல் முழுசாகத் தெரிந்தால் கடும் சூடு படவில்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். மற்றபடி நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும்தான் வழி.

சுட்டதைவிட நான் பயப்படுகிறது நிரப்பினதற்கு. 2004 அளவில் இருந்து சந்தைக்கு வந்த ஒரு வகைச் சிவப்புக்கல் உண்டு. வெடிப்பு வெடிப்பாக இருக்கும் மலிந்த கல்லுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கிப் பாய்ச்சி வெடிப்பை மறைத்திருப்பார்கள். பார்க்க நெருப்புத் துண்டு. எனக்கு அது தெரியாத காலத்தில் கொக்குவிலில் இருந்து ஒரு அக்கா மோதிரம் ஒன்று கொண்டுவந்தா. மகன் வெளிநாட்டில் இருந்து அனுப்பினது, விரலுக்கு இறுக்கம், பெருப்பித்துத் தரச் சொன்னா. நல்ல மாணிக்கம் சூடு தாங்கும் என்ற நினைப்பில் கல்லைக் கழற்றாமலே பின்பக்கம் பொன்னை ஒட்டுகிற பத்தாசு வைத்து ஊதினேன். ஆறவிட்டு வெங்காரம் போக அமிலத்தில் போட்டு எடுத்தால், சாமணத்தின் நுனியில் இருந்தது மாணிக்கம் இல்லை, உடைந்த கார் கண்ணாடி. உள்ளே வலை வலையாக வெள்ளை வெடிப்பு. முதலாளி திட்டவில்லை. "தம்பி, கேட்காமல் நெருப்பு வைக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த அக்காவுக்குப் பணம் கொடுத்தார். அந்த மாதிரிக் கல்லை எலுமிச்சம்புளியே அரித்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது வெட்டு. பேருவளையில் முதல் ஆறு மாதம் எனக்கு நல்ல கல்லே தரவில்லை, வெறும் பருக்கைக்கல்தான். கல்லைச் சிறு குச்சியின் நுனியில் அரக்கால் ஒட்டி, சுழல்கிற சாணைத் தட்டில் பிடிக்கவேண்டும். தட்டில் வைரத்தூள். பழக்கின நானா என்னிடம், "தம்பி, கண்ணால வெட்டாதே, காதால வெட்டு" என்பார். அப்போது விளங்கவில்லை. ஒரே கல்லு ஒரு பக்கம் மெத்தென்று தேயும், இன்னொரு பக்கம் தேயாமல் கிறீச்சிடும். அந்தச் சத்தம் மாறுகிற இடத்தில் கையை எடுக்கத் தெரியாவிட்டால் பட்டை சாய்ந்துவிடும். வெட்டுவதற்கு முன் கல்லைத் தண்ணியில் போட்டு வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாதி நாள் வேலை. வெடிப்பு எங்கே, நிறம் எங்கே? இலங்கை நீலக்கல்லில் நிறம் சீராகப் பரவி இருக்காது, பல நேரம் உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு மூலையில் மட்டும் மைத்துளி. அந்தத் துளி கல்லின் அடிக்கூரில் வருகிற மாதிரி வெட்டினால், மேலே இருந்து பார்க்கக் கல்லு முழுவதும் நீலமாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளை! இதை மோசடி என்பவர்கள் உண்டு. எனக்கு அது கைத்திறன். விற்கும்போது மறைத்தால்தான் மோசடி.

மின்னுவது கோணத்தில் இருக்கிறது. மேலே இருந்து நுழைகிற வெளிச்சம் கீழ்ப்பட்டையில் பட்டு, எதிர்ப்பட்டையில் பட்டு, திரும்பவும் மேலேயே வரவேண்டும். கீழ்ப்பட்டை தட்டையாகப் போனால் வெளிச்சம் அடியால் ஒழுகிவிடும். எவ்வளவு சரிவு வேண்டும் என்பது கல்லுக்குக் கல்லு மாறும். வைரம் வெளிச்சத்தை நன்றாக வளைக்கும், அதனால் அதற்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. படிகக்கல், அதாவது ஸ்படிகம், குறைவாக வளைக்கும், அதனால் அதை இன்னும் சரிவாக, 43 பாகை அளவில் வெட்டவேண்டும். 1919இல் மார்செல் டொல்கோவ்ஸ்கி என்பவர் வட்ட வைரத்துக்குக் கணக்குப் போட்டு, கீழே 40¾ பாகை, மேலே 34½ பாகை என்று எழுதிவைத்தார். இன்றைக்கும் வைரம் வெட்டுகிறவர்கள் அதைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வெட்டில் இந்தக் கணக்கு இல்லை. நிறை போகக்கூடாது என்று அடியைத் தொப்பைபோல் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டும்கூட, தோண்டி எடுத்த நிறையில் பாதிக்கு மேல் தூளாகப் போவது சாதாரணம். நீங்கள் வீட்டில் பார்க்க ஒரு வழி: பதிக்காத கல்லைப் பத்திரிகை எழுத்தின் மேல் முகம் மேலாக வையுங்கள். நடுவால் எழுத்து வாசிக்க முடிந்தால் வெளிச்சம் ஒழுகுகிறது. கல்லு அசலாகவே இருக்கலாம், வெட்டுத்தான் பிழை.

நிலத்தை விட்டால் மற்றப் பிறப்பிடம் உலை. உங்கள் அட்டியலுக்கு இதுதான் முக்கியம். 1902இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஒகுஸ்ட் வெர்னே, அலுமினாத் தூளை ஒட்சிசன்-ஐதரசன் சுவாலைக்குள் சொட்டுச் சொட்டாக விழவிட்டு, சின்னக் கத்தரிக்காய் அளவில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். சில மணித்தியால வேலை. அதற்குப் பிறகு சிவப்புக்கல் உலகமெங்கும் மலிந்துவிட்டது. ஆகவே "பழைய நகை என்றால் கல்லும் அசல்" என்று எங்கள் சனம் நம்புகிறதே, அது சரியில்லை. பாட்டிமாரின் நகையில் பர்மாக்கல் என்று பெயர் சொல்லிக் கொண்டுவந்த எத்தனையோ சிவப்புக்கல்லை நான் லென்சில் பார்த்திருக்கிறேன். பலவற்றில் பழைய இசைத்தட்டின் கோடு மாதிரி வளைந்த கோடுகள். நிலத்தில் வளர்ந்த கல்லின் கோடு நேராக ஓடி மூலையில் திரும்பும், சுவாலையில் வளர்ந்ததன் கோடு வளையும். இதை லென்சோடு அடித்துச் சொல்லலாம். கோடே தெரியாவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ளவேண்டும்.

வெள்ளைக்கல்லில் கதை இன்னும் சிக்கல். கடைகளில் அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லுவது கியூபிக் சிர்கோனியா, முழுக்க உலையில் செய்தது. சிர்கோனியம் ஒட்சைட்டு உருக 2700 பாகை அளவில் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்குகிற பாத்திரம் கிடைக்காமல், குளிர்தண்ணி ஓடும் செப்புக் குழாய்களுக்கு நடுவில் தூளைக் குவித்து, வெளிப்பொருக்கு உருகாமல் நிற்க உள்ளே மட்டும் உருக்குகிற வழியைச் சோவியத் விஞ்ஞானிகள் சீராக்கினார்கள். 1976 அளவில்தான் அது நகைச்சந்தைக்கு வந்தது. இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிர்கோன் வேறு, சிர்கோன் நிலத்தில் கிடைக்கிற கல்லு. நிறமில்லாத, அல்லது சுட்டு நிறம் போக்கின சிர்கோனைத்தான் மாத்தறை வைரம் என்று விற்றார்கள். பெயர் ஒத்திருப்பதால் படித்தவர்கள்கூட இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். அப்புறம் "கிரிஸ்டல்" என்று பெட்டியில் எழுதி வருவது பெரும்பாலும் கண்ணாடி. 1892இல் பொஹீமியாவைச் சேர்ந்த டானியல் ஸ்வரோவ்ஸ்கி கண்ணாடிக்கல்லை மெஷினில் துல்லியமாக வெட்ட வழி கண்டு காப்புரிமை எடுத்தார், 1895இல் ஒஸ்திரியாவின் வாட்டன்ஸ் ஊரில் தொழிற்சாலை போட்டார். ஈயம் கலந்த கண்ணாடி நன்றாக மின்னும். ஆனால் அது கண்ணாடிதான், படிகம் அல்ல. எங்கள் சாமி மாலையில் இருக்கும் ஸ்படிகம்தான் உண்மையான படிகம், கன்னத்தில் வைத்தால் சட்டென்று குளிரும்.

இப்போது பத்தரின் மேசைக்கு வருவோம். பழைய யாழ்ப்பாண அட்டியல்களில் கல்லைப் பின்பக்கம் மூடித்தான் கட்டுவார்கள், இப்போது குளோஸ் செட்டிங் என்கிறோம். பொன் அறைக்குள் அரக்கு, அதன்மேல் மினுக்கத் தகடு, அதன்மேல் கல்லு, கடைசியில் விளிம்பை உள்ளே தள்ளி மடிப்பது. கல்லின் அடியால் ஒழுகுகிற வெளிச்சத்தை அந்தத் தகடு திருப்பி அனுப்பும். சாதாரணக் கல்லும் அதில் எரிகிற மாதிரித் தெரியும். அதன் எதிரி தண்ணி. கலியாணத்துக்கு முதல் நாள் நகையைச் சவர்க்காரத் தண்ணியில் ஊறப்போடுவார்கள், தண்ணி விளிம்பால் உள்ளே இறங்கும், தகடு கறுக்கும். பிறகு "கல்லு செத்துப்போச்சு தம்பி" என்று கொண்டுவருவார்கள். கல்லு சாகவில்லை, கீழே தகடுதான் போய்விட்டது. கழற்றித் துடைத்துப் புதுத் தகடு வைத்தால் திரும்பவும் எரியும். இன்றைய ஓப்பன் செட்டிங்கில் பின்பக்கம் திறந்திருக்கும், நாலு சின்னக் கால் கல்லைப் பிடித்திருக்கும். அங்கே தகட்டின் உதவி இல்லை, வெட்டு நன்றாக இருந்தால்தான் மின்னும்.

உங்கள் அட்டியலுக்கு இதெல்லாம் என்ன சொல்லுகிறது? அது எப்போது செய்தது என்பதை முதலில் வீட்டில் கேளுங்கள். 1976க்கு முன் செய்ததும், பிறகு கல்லு மாற்றாததும் உறுதி என்றால், அமெரிக்கன் டைமண்ட் என்ற சந்தேகம் அதோடு முடிந்தது. மிச்சம் நிற்பது பெரும்பாலும் சிர்கோன், உலையில் வளர்த்த வெள்ளைக்கல், கண்ணாடி, அரிதாக வைரம். இதில் சிர்கோன் லென்சுக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே இருந்து சற்றுச் சரித்துக் கல்லுக்குள் பாருங்கள். அடிப்பட்டைகளின் விளிம்பு ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கண் மங்கினவனுக்குத் தெரிகிற மாதிரி இரட்டைக் கோடாக இருந்தால், அது சிர்கோன் என்பதற்கு வலுவான அடையாளம். வைரத்திலும் கண்ணாடியிலும் அப்படி இரட்டிக்காது. சிர்கோன் நொருங்குகிற குணமும் உள்ளது, பழைய கல்லில் பட்டை விளிம்பெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். விளிம்பு உதிராமல் உருண்டு மழுங்கி, உள்ளே குமிழ் தெரிந்தால் கண்ணாடி. இந்த இரண்டையும் என் அளவில் உறுதியாகச் சொல்லுவேன். மற்றவை எல்லாம் சந்தேகம். கடையில் பேனைபோல் ஒன்றைக் கல்லில் வைத்துப் பார்ப்பார்களே, அது சூடு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று மட்டும்தான் பார்க்கும். வைரம்போல் உலையில் செய்கிற மொய்சனைட்டுக்கும் அது "வைரம்" என்று கத்தும். கண்ணாடியில் கீறிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். கண்ணாடியைப் பருக்கைக்கல்லே கீறும், அதில் ஒன்றும் தெரியவராது, கல்லின் விளிம்பு போனதுதான் மிச்சம்.

கொழும்புக் கடைக்காரர் ஏன் கண்ணாடி என்றார்? எனக்குத் தோன்றுவது இது: தகடு கறுத்த மூடிய கட்டில் எந்தக் கல்லும் கண்ணாடி போலத்தான் தெரியும், அவர் கழற்றிப் பார்த்திருக்கமாட்டார். பத்தரும் கழற்றாமல்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் அந்தக் காலத்து அட்டியல்களைக் கையாண்ட பழக்கத்தில் சொல்லியிருப்பார். பந்தயம் கட்டச் சொன்னால் வெள்ளைக்கல்லுக்கு நான் பத்தர் பக்கம், சிவப்புக்கல்லுக்கு உலைப் பக்கம். இது ஊகம்தான், விலை பேசும்போது இதைச் சொல்லிவிடாதீர்கள்.

உறுதி வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் இருக்கிறது. பதித்த நகையாகக் கொடுத்தால் சொல்லக்கூடியது குறைவு, கழற்றின கல்லாகக் கொடுத்தால் கூடச் சொல்லுவார்கள். "அசலா" என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். என்ன கனிமம், நிலத்தில் பிறந்ததா உலையில் பிறந்ததா, சுட்டதா நிரப்பினதா என்று மூன்றாகக் கேளுங்கள்.

எல்லாக் கல்லையும் கழற்றவேண்டாம். கொக்கிக்குப் பக்கத்தில், கழுத்துக்குப் பின்னால் போகிற வெள்ளைக்கல் ஒன்று, பதக்கத்தில் ஓரத்துச் சிவப்புக்கல் ஒன்று, இரண்டு போதும். ஒரே நகைக்கு ஒரே பொதியில் வாங்கின கல்லாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கழற்றுவதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, நிறையும் எழுதி வாங்குங்கள். கழற்றும்போது பத்தருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருங்கள், நல்ல பத்தர் அதற்குக் கோபிக்கமாட்டார். அரக்கை இளக்கச் சூடு காட்டுவார், அது விளக்குச் சூடாக இருக்கட்டும், ஊதுகுழல் வேண்டாம். அதுவரைக்கும் அட்டியலைத் தண்ணியில் போடாதீர்கள்.